உஷ்ஷம்மாவின் வலது கை

தொடையில் விழ வேண்டிய கை விழவில்லை. யாரோ ஏதோ தரப்போகிறார்கள் என்பதுபோல, உள்ளங்கை மேலே பார்த்தபடி மாமியாரின் மடியிலேயே நின்றுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் அதை ஓரக்கண்ணால் பார்த்தான். தன்னைச் சோதிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தான்.

அப்படி நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. கல்யாணமான பன்னிரண்டு வருஷமாக, தாளம் போடுகிற அந்தக் கையைப் பார்த்துத்தான் அவன் கச்சேரிகளில் பிழைப்பை ஓட்டுகிறான். பாட்டு எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கை தெரியும். ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்புவது, அவ்வளவுதான். கடைசி வீச்சு முடிந்து கை கவிழ்ந்து தொடையில் விழும்போது தலையை ஒரு ஆட்டு ஆட்டினால், பார்ப்பவர்களுக்கு விஷயம் தெரிந்த மனுஷன் மாதிரி இருக்கும். இதை மாமியார் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார். ஒருதரம் வேண்டுமென்றே பாதியில் கையை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளையின் தலை நடுவழியில் தத்தளிப்பதை வேடிக்கை பார்த்தார். வீட்டுக்குப் போய் நடித்தும் காட்டினார். மகள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

அதனால் இப்போதும் அவன் தலையை ஆட்டாமல் உஷாராக உட்கார்ந்திருந்தான்.

கோயில் மண்டபத்தில் மாமியாருக்கு உஷ்ஷம்மா என்று பெயர். அவர் காதுபடச் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. முன்வரிசை நடு நாற்காலி அவருடையது. கைப்பேசி சிணுங்கினால் ஒரு உஷ். குழந்தை சிணுங்கினால் பெற்றவளுக்கு ஒரு உஷ். கோயில் செயலாளர் இடுப்பில் சாவிக்கொத்தைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு நடப்பவர். அவரையே திருத்தி, கொத்தை முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு நடக்கவைத்த பெருமை உஷ்ஷம்மாவைத்தான் சேரும். இருமுகிறவர்களுக்குக் கொடுக்கக் கைப்பையில் இருமல் மிட்டாய் வைத்திருப்பார். தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்கக் கூடாதென்று வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வருவார். இப்படி ஒரு பெண்மணி இந்த மண்டபத்தைத் தவிர வேறெங்கே கிடைப்பார்?

மேடையில் பாடிக்கொண்டிருந்தது அவர் மகள், அதாவது மெக்கானிக்கின் மனைவி. இத்தனை நாள் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை நாலு மணி. அந்த நேரத்துக்கு வருகிறவர்கள் அம்மா, மைக் போடுகிறவர், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். வெள்ளிக்கிழமை ஆறரை மணி, மண்டபம் நிறைய ஆள் என்பது இதுதான் முதல் தடவை. இன்றைக்கு ஒப்பேற்றிவிட்டால் இனி வெள்ளிக்கிழமைதான் என்று செயலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

காலையில் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே உஷ்ஷம்மா மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் உத்தரவு போட்டார்.

"இத்தன வருஷமா என் கையப் பாத்துப் பாத்தே பாடிட்ட. இன்னிக்குக் கண்ண மூடிக்கிட்டுப் பாடு. ஒரு தரம் கண்ணத் திறந்து என் கையப் பாத்தேன்னு வையி, எழுந்து வீட்டுக்குப் போயிருவேன்."

"சரிம்மா."

"மாப்பிள்ள, உங்களுக்கும்தான். போன தடவ மாதிரி நடுப்பாட்டுல எழுந்திருக்கக் கூடாது. கட்டடமே இடிஞ்சு விழுந்தாலும்."

போன தடவை ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டதாக ஃபோன் வந்து, அவன் எழுந்து ஓடினான். மனைவி நாலு நாள் அவனோடு பேசவில்லை.

"அத்தை, யாராச்சும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா?"

"லிஃப்ட்ல மாட்டினவன் கதவத் திறந்தா வெளிய வந்துரலாம். கச்சேரிக்கு உக்காந்தவன் பாட்டு முடிஞ்சாத்தான் வெளிய வரணும்."

"தோளு என்ன அத்தை, வலிக்குதா?"

"பேச்ச மாத்தாதீங்க."

இவ்வளவும் நடந்தது காலையில்.

இப்போது மேடையில் அவள் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 'இத்தனை பேரில் என் குரல் உனக்குக் கேட்குமோ.' ஒரே வரியைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் புதுசாக இழைத்துப் பாடுகிற கட்டம் அது. அதற்கு ஒரு பெயர் உண்டு. அவனுக்கு நினைவில் நிற்காது. இவள் பாட, வயலின்காரப் பெண் பதில் சொல்ல, மறுபடி இவள் பாட. கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. சொன்ன பேச்சைத் தட்டாத மகள்.

மாமியாரின் கை இன்னும் விழவில்லை.

"அத்தை," என்றான், உதடு மட்டும் அசைய.

"உஷ்!"

மாமியாரிடமிருந்து அல்ல, பின்னாலிருந்து. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். உஷ்ஷம்மாவின் பிரதம சிஷ்யை.

அவன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். மாமியாரின் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. பாதி மூடிய கண், ஓரத்தில் ஒரு சொட்டு ஈரம். மகள் வெள்ளிக்கிழமை மேடையில் பாடுகிறாள், பெற்றவளுக்குக் கண் கலங்காதா? டீச்சர் பக்கத்து நாற்காலியிடம் கிசுகிசுப்பது கேட்டது. "பாருங்க, உருகிட்டாங்க." அவர் கிசுகிசுக்கலாம், அவருக்குக் கணக்கு வேறு.

இந்த வரி முடியட்டும், என்று மெக்கானிக் தனக்குள் சொல்லிக்கொண்டான். முடிந்ததும் கேட்டுவிடலாம்.

வரி முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது.

அவன் இருபது வருஷமாக லிஃப்ட்டோடு மல்லுக்கட்டுகிறவன். எந்த மோட்டார் சும்மா ஓய்ந்து நிற்கிறது, எந்த மோட்டார் செத்து நிற்கிறது என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவான். அந்த உள்ளங்கையைப் பார்த்தபோது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை நம்பினால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் முந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், மேடையில் அவள் தடுமாறுவாள், வெள்ளிக்கிழமை போய்விடும். ஒன்றுமில்லாமல் அவர் சும்மா கண்ணயர்ந்திருந்தால்? சாகும்வரை சொல்லிக்காட்டுவார்.

பிட்டத்தை நாற்காலியிலிருந்து ஒரு சாண் தூக்கினான். "தம்பி, மறைக்குது," என்றார் டீச்சர். உட்கார்ந்தான்.

மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான். மனைவியின் கண் திறக்கவில்லை. மிருதங்கக்காரர் பார்த்தார். மாமியார் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டினான். மிருதங்கக்காரர், ரசிகர் பாராட்டுகிறார், அதுவும் வீட்டு மாப்பிள்ளை பாராட்டுகிறார் என்று முகமெல்லாம் பல்லாகி, தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பங்கு வெளுத்து வாங்கினார். மண்டபத்தில் யாரோ "ஆஹா" என்றார்கள்.

'இத்தனை பேரில் என் குரல்...'

வேர்வை காதோரம் இறங்கியது. சுண்டுவிரலை நீட்டி மாமியாரின் முழங்கையைத் தொட்டான். பட்டுத் தலைப்புக்கு அடியில் கை இருந்தது, ஆள் இருந்த மாதிரித் தெரியவில்லை. சாமி, இந்த வரி முடியட்டும். இந்த ஒரு வரி.

அப்போது அவர் மடியிலிருந்த கைப்பை நழுவியது. டப்பா திறந்துகொண்டது. இருமல் மிட்டாய்கள் சிமென்ட் தரையில் கோலிக்குண்டுகளாகச் சிதறி உருண்டு, மேடையின் கால் வரை போயின. அப்படி ஒரு சத்தம் அந்த மண்டபம் கேட்டதில்லை.

உஷ்ஷம்மா உஷ் சொல்லவில்லை.

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. மாமியாரை இரண்டு கைகளாலும் வாரித் தரையில் கிடத்தினான். கம்பெனியில் வருஷத்துக்கு ஒருதரம் ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நெஞ்சின் நடுவில் கை மேல் கை வைத்து, முழங்கை மடியாமல் அழுத்த வேண்டும், முப்பது வரை வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

எங்கோ பின்வரிசையில் விவரம் தெரியாத ஒரு புண்ணியவான், "உஷ்!" என்றார்.

கூட்டத்திலிருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். மறுகையால் ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்தினார். வயலின் நின்றது. மிருதங்கம் நின்றது. அவள் மட்டும் பக்கவாத்தியம் ஒன்றுமில்லாமல், கண்ணைத் திறக்காமல், அரை வரி தனியாகப் பாடினாள். மைக்கில் அவள் குரலும் அவன் எண்ணுகிறதும் சேர்ந்து கேட்டன.

"பதினெட்டு, பத்தொம்பது..."

பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் பார்த்தது அம்மாவின் கை இருக்க வேண்டிய இடத்தைத்தான். அங்கே காலி நாற்காலி இருந்தது.

ஆம்புலன்ஸ் பின்வாசலுக்கு வந்தது. ஏற்றுகிற அமளியில் செயலாளர் அவன் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சாவிக்கொத்து முஷ்டிக்குள்தான் இருந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவுக்கு வண்டியில ஏத்துற வரைக்கும் மூச்சு இருந்துச்சு. சரிதானே?"

"என்ன சார் சொல்றீங்க?"

"கோயிலுக்குள்ளன்னு பேச்சு வந்துட்டா நடைய சாத்தணும், கழுவி விடணும். நாளைக்கு ரெண்டு கல்யாணம் இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

அவன் வண்டியில் ஏறினான். அஞ்சு நிமிஷம் என்ற சொல்லும் கூடவே ஏறிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் என்னென்னவோ செய்தார்கள். வயர்களை ஒட்டினார்கள், பிய்த்தார்கள், மறுபடி ஒட்டினார்கள். அவன் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, நெஞ்சு அழுந்துகிற ஒவ்வொரு தடவையும் எண்ணினான். எந்தச் சாமி கேட்டாலும் சரி, கேட்கிற சாமிக்கு எதை வேண்டுமானாலும் தருகிறேன் என்று பேரம் பேசினான். பேரம் படியவில்லை. சின்ன வயசு டாக்டரம்மா வெளியே வந்து கையுறையைக் கழற்றினாள். "கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா ஒருவேளை..." என்று தொடங்கியவள், இவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, "சாரி," என்று மட்டும் சொன்னாள்.

திரைக்குள் விட்டார்கள். கட்டிலில் மாமியார். ஒரு உஷ்ஷும் இல்லாத வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் கீச்சிட்டன, யாரோ ஒருவர் ஃபோனில் சத்தமாகப் பேசினார். அதட்ட ஆளில்லை.

மனைவி மேடைப் பட்டோடு கட்டிலருகே நின்றாள். மை வேர்வையில் கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. அழுகை இன்னும் வரவில்லை. அது வராததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"எப்போ?" என்றாள்.

"ஏழு அம்பதுன்னு டாக்டரம்மா..."

"அதக் கேக்கல. அம்மா கை எப்போ நின்னுச்சு? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அந்தக் கையத் தவிர வேற எதப் பாத்திருப்பீங்க?"

பை விழுந்தபோது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவளால் மறுக்க முடியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தவள். அஞ்சு நிமிஷம் முன்னே பின்னே. செயலாளர் வாயில் எடுத்துக் கொடுத்த வார்த்தை நாக்கு நுனியிலேயே நின்றது. வாயைத் திறந்தான்.

"அந்த வரி," என்றான். "இத்தனை பேரில்... அத நீ முதல் தடவ மேல கொண்டு போனியே. மேல போய் ஒரு இடத்துல நின்னியே. அப்போ."

தன் கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினான். "இப்படி."

அவள் அவனைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது. கட்டைவிரல், மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. மேலே போய் நின்ற இடம். வயலின் பதில். மறுபடி இவள். மறுபடி வயலின். கச்சேரி முழுவதும் அவள் தலைக்குள் இருக்கிறது, அடி பிசகாமல். அவனுக்குத்தான் எண்ணத் தெரியாது, அவளுக்குத் தெரியும். விரல் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போனது. கத்தினால் தேவலை, அடித்தால் தேவலை என்று நின்றான். கட்டைவிரல் கடைசி விரல் வரை போய், ஒரு கணுவில் நின்றது.

"அதுக்கப்புறம் பதினோரு தடவ பாடியிருக்கேன்," என்றாள்.

நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டான்.

"கண்ண மூடிக்கிட்டு."

வெளியே ஃபோனில் பேசியவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவள் குனிந்து கட்டிலைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பில் அம்மாவின் வலது கை உள்ளங்கை மேலே பார்த்தபடி கிடந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அதைக் கவிழ்த்து, தொடை மேல் மெதுவாக இறக்கி வைத்தாள், சத்தம் வராமல்.