இறந்தவர் என்னவாக இருந்தார்

நாளிதழ் அலுவலகத்தில் இரங்கல் விளம்பரம் வாங்குகிறவருக்குக் காற்புள்ளி என்று பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே கிடையாது. அன்று காலை அவர் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எதிரே தடித்தடியாக நாலு பேர், நடுவில் மொட்டை. அவர்களுடைய தலைவனை முந்தின நாள் எதிர்க்கோஷ்டி வெட்டிவிட்டது.

"அண்ணன் போட்டோவுக்குக் கீழ 'சமூக சேவகர்'னு போடுங்க சார்" என்றான் மொட்டை.

காற்புள்ளிக்கு இது புதிதல்ல. கத்தியோடு திரிந்தவனெல்லாம் செத்த மறுநாள் புனிதனாகிவிடுவான். செய்திப் பக்கத்தில் 'பிரபல ரவுடி', விளம்பரப் பக்கத்தில் 'ஏழைகளின் தோழன்'. ஒரே ஆள், ஒரே பேப்பர். நமக்கெதற்கு வம்பு என்று கணினியில் தட்டத் தொடங்கினார்.

"அது வேணாம் தம்பி. ரவுடின்னு போடுங்க."

தடியன்களை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் முன்னே வந்தாள். செத்தவனின் தாய்.

மொட்டை பதறினான். "அம்மா, அண்ணன் மானம் போயிரும்!"

"இருந்தாத்தானேடா போறதுக்கு? எதிர்வீட்டுப் பொண்ணோட புருஷனை இவன்தானே வெட்டினான்? தெருவே பாத்துச்சு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும்தான் தொறக்கல. நாளைக்கு அவ பேப்பரப் பிரிச்சா 'சேவகர்'னு இருக்கணுமா?"

"நீங்க அந்தத் தெருவுலதாம்மா இருக்கணும். யோசிச்சுக்குங்க." மொட்டையின் குரல் மாறியிருந்தது.

"இருக்கேன். என்னடா பண்ணுவ? பெத்தவ நான். அவனுக்குப் பேரு வெச்சவளும் நான். இந்தப் பேரையும் நானே வெச்சுட்டுப் போறேன்."

செத்தவனைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்ன ஒருவரை அந்த மேசைக்கு முன்னால் காற்புள்ளி பார்த்ததேயில்லை, அதிலும் பெற்றவள்! எப்பேர்ப்பட்ட பெரிய மனிதர் வந்தாலும் நாற்காலியை விட்டு அசையாதவர், தன்னையறியாமல் எழுந்து நின்றார். நின்றபடியே 'ரவுடி' என்று தட்டினார். பயம் இல்லாமலில்லை. தடியன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, அவளைத் தாண்டி வர ஒருவனுக்கும் துணிவில்லை.

"விளம்பரம் குடுக்கிறவங்க பேரு கீழ வரும்மா."

"என் பேரப் போடுங்க."

"உறவும் போடுவோம்." அவர் தயங்கினார். "வேணாம்னா விட்டுடலாம்."

அதுவரை கல்லாக நின்றவளின் முகம் கலைந்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மான்னு போடுங்க தம்பி" என்றாள். "அதுவும் நெசந்தானே."