இரண்டாம் சுற்றுக்குக் காத்திருப்பவர்கள்

என் பெயர் நிஸார் அயாரி. வயது இருபத்தாறு. இருப்பது இத்தாலியில், ஃபோஜாவுக்குப் பக்கத்தில், ஒரு தக்காளி வயலோரத் தகரக் கொட்டகையில். துனீசியாவின் வடமேற்கு மலையில் இருக்கும் எங்கள் ஊர் ஐன் ஸம்மாரில் இரண்டு வருடம் எட்டு மாதமாக நூற்றுப்பதினேழு பேர் சாக முடியாமல் இருக்கிறார்கள். அவர்களில் அறுபத்துநாலாம் எண் என் அப்பா.

இது ஒரு விதை நிதியில் தொடங்கியது. பெரிய ஆய்வுக்குப் பெரிய பணம் கேட்பதற்கு முன்னால், முதலில் சின்னதாகச் செய்து காட்டு என்று பல்கலைக்கழகம் கொடுக்கும் தொகைக்கு அந்தப் பெயர். தலைநகரத்தில் மக்கள்தொகையையும் முதுமையையும் ஆராயும் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே விரிவுரையாளராக இருந்த ஸொந்துஸ் அம்மா அந்த நிதியை வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். பிள்ளைகள் எல்லாரும் கடல் தாண்டிப் போய்விட்ட ஊரில் வயதானவர்கள் எதை வைத்து வாழ்கிறார்கள், எதனால் சாகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. ஒரே ஆட்களை இரண்டு முறை பார்க்க வேண்டும், நடுவே சரியாக ஒரு வருடம். முதல் சுற்றுக்கு விதை நிதி. இரண்டாம் சுற்றுக்கான பணத்தை, முதல் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கமிட்டி தரும். ஊரில் மிச்சமிருந்த படித்த இளைஞர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் போதையில் இருந்ததால் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

பாதாம் பூத்திருந்த நேரம். எழுபது வயதைக் கடந்தவர்களின் வாசலில் போய் உட்கார்ந்து, காபி குடித்து, இருபத்திரண்டு கேள்விகள் கேட்டேன். ஃபார்மின் கடைசியில், பல்கலைக்கழகத்தின் வட்ட முத்திரைக்கு மேலே, அச்சடித்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ‘ஓராண்டு கழித்து, இதே மாதத்தில், உங்களை மீண்டும் சந்திப்போம்.’

முதல் வீடு ஸீ திஜானியுடையது. வயது எண்பத்தொன்று. நான் படித்து முடித்ததும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போலக் காத்திருந்தார்.

“இன்ஷா அல்லாஹ் எங்கடா?”

“ஃபார்ம்ல இல்ல மாமா.”

“ஃபார்ம்ல இல்லாட்டி உன் வாய்ல இல்லையா? ரொட்டி வாங்கத் தெருமுனைக்குப் போறவன்கூட அதைச் சொல்லிட்டுத்தான்டா போறான்.”

“ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாதுன்னு கமிட்டி உத்தரவு. எல்லா வீட்லயும் ஒரே மாதிரி படிக்கணுமாம்.”

“அப்ப நிச்சயமா வர்றீங்க?”

“நிச்சயமா வர்றோம்.”

அவர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். “சரி. அப்ப நானும் இருக்கேன்” என்றார்.

நூற்றுப்பதினேழு வீட்டிலும் அப்படியே படித்தேன். எங்கள் மலையில் அதுவரை யாரும் ‘இறைவன் நாடினால்’ என்ற அந்த வார்த்தையைச் சேர்க்காமல் நாளையைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தக் கோடையில் ஸீ திஜானி ஆலிவ் மரத்திலிருந்து விழுந்தார். கழுத்து முறிந்து தலை முதுகுப் பக்கம் திரும்பியது. டாக்டர் வந்து பார்த்து இறப்புச் சான்று எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உட்கார்ந்து, வருகிற பாதாம் பருவத்தில் தனக்கு ஆள் வரவேண்டியிருக்கிறது என்றார். தலையைத் திருப்பிவைக்க யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து அவர் பின்பக்கமாக நடந்து சந்தைக்குப் போகிறார். குழி தோண்டும் அமோர் அவருக்காகத் தோண்டிய குழியில் அந்த மழைக்காலம் தண்ணீர் தேங்கி, அண்டைவீட்டு வாத்துகள் நீந்தின. அமோர் என்னைக் கடைத்தெருவில் மறித்து, “உன் ஃபார்ம் என் சோத்துல மண்ணள்ளிப் போட்டிருச்சுடா” என்றார். பிறகு மண்வெட்டியை விற்று முட்டை வியாபாரத்துக்குப் போனார்.

குளிர்காலத்தில் விறகு தீர்ந்தது, கிளினிக்கில் மருந்து தீர்ந்தது. வழக்கமாகப் பதினைந்து பேராவது போகிற காலம். பட்டியலில் இருந்த ஒருவரும் போகவில்லை. நான் சர்வேக்குப் போன நாளில் மகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த பய்யா அம்மாள் மட்டும், எண் கிடைக்காததால், சாதாரணமாகக் காய்ச்சல் வந்து நாலாம் நாள் இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்த கிழவர்கள் அவருடைய அதிர்ஷ்டத்தைப் பேசியபடி வீட்டுக்கு நடந்தார்கள்.

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. மூன்று மாதம் என்றார் டாக்டர். மூன்று மாதம் முடிந்தது. கட்டிக்கு அந்த வாக்கியம் தெரியாது, அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. சாவு மட்டும் நின்றதே தவிர, வலி நிற்கவில்லை. இதைக் கமிட்டிக்குப் புரியவைக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை.

வருடம் முடியும் முன்பே ஸொந்துஸ் அம்மா அறிக்கையை எடுத்துக்கொண்டு தலைநகரம் போனார். கேள்வி கேட்டவன் என்பதால் என்னையும் கூட்டிப்போனார். நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எழுபதுக்கு மேல நூத்துப்பதினேழு பேரு. ஒருத்தர்கூட சாகலையா? தம்பி, காபிக்கடையில உக்காந்து நிரப்புனியா, இல்ல வீட்ல படுத்துக்கிட்டேவா?”

“ஐயா, ஒரு தடவை வந்து பாருங்க. பஸ்ல நாலு மணி நேரம்தான்” என்றார் ஸொந்துஸ் அம்மா.

“விதை நிதியில பயணப்படிக்குச் செலவுத் தலைப்பே கிடையாதும்மா.”

அடுத்து உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திச் சொன்னார். “சாவே இல்லாம முதுமையை எப்படிம்மா ஆராயறது? ஒரு பத்துப் பேராவது இருந்திருந்தா…” தேநீருக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்பது போலத்தான் கேட்டார்.

என் அப்பா அப்போது தண்ணீரைக்கூடத் துணியில் நனைத்துத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த தட்டில் ஐந்து பேருக்கும் பாதாம் கேக் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் சுற்றுக்குப் பணம் இல்லை என்று கடிதம் வந்தது. நம்பகமற்ற தரவு என்பது காரணம். அந்த வருட விதை நிதி வேறோர் ஆய்வுக்குப் போனது. கடற்கரை விடுதியில் குளிர்காலம் கழிக்க வருகிற வெளிநாட்டு முதியவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறார்கள் என்பதை எண்ணுவதற்கு. எனக்கு அந்த முதியவர்கள் மேல் கோபமில்லை. நன்றாக நடக்கட்டும். பின்பக்கமாக நடந்து சந்தைக்குப் போகிறவரின் அடிகளையும் யாராவது எண்ணியிருக்கலாம்.

மறுபடியும் பாதாம் பூத்தபோது ஸொந்துஸ் அம்மா சொந்தச் செலவில் வந்தார். ஃபார்மை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். ஸீ திஜானி முதுகைக் காட்டியபடி அவரை வரவேற்றார், அப்போதுதான் முகம் தெரியும். தாளை வாங்கி அடிப்பகுதியைப் பார்த்தார்.

“முத்திரை எங்கம்மா?”

“குடுக்க மாட்டேன்னுட்டாங்க மாமா. நானே வந்துட்டேன்ல?”

“நீ வந்தது சந்தோஷம். நீ விருந்தாளி, உக்காரு, காபி குடி. ஆனா வாக்குக் குடுத்தவங்க இன்னும் வரல.”

நூற்றுப்பதினேழு வீட்டிலும் காபி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. பிறகு இமாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எனக்குப் பதிலாக இன்ஷா அல்லாஹ் சொல்லிப் பார்த்தார். எண்பத்தெட்டாம் எண் ஜன்னலைத் திறந்து, “படிச்சது நீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார். நானும் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னேன். முத்திரையைக் கேட்டார்கள். ஸொந்துஸ் அம்மாவை மையத்திலிருந்து நீக்கினார்கள். பொய் சர்வே எழுதியவன் என்ற பெயர் எனக்கு முன்னால் எல்லா அலுவலகத்துக்கும் போய்விட்டதால் எனக்கு வேலை கிடைக்கவில்லை. படகேறினேன். பேப்பர் இல்லாததால் திரும்ப முடியாது.

ஊர் பழகிவிட்டது. ஸீ திஜானிக்காகச் சந்தையில் வழிவிடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இடுகாட்டில் அமோரின் கோழிகள் மேய்கின்றன. ஒவ்வொரு பாதாம் பருவத்திலும் நூற்றுப்பதினேழு பேரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்கிறார்கள், மாதம் முடிந்ததும் உள்ளே போகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவிடம் பேசினேன். குரல் சல்லடையில் மாவு விழுகிற மாதிரி வந்தது.

“பாபா, ரொம்ப வலிக்குதா?”

“வலிக்குதான்னு கேக்கறது பதினொண்ணாவது கேள்விடா. முத்திரையோட வந்து கேளு, சொல்றேன்.”

“என் வாயாலதானே பாபா இதெல்லாம்…”

“நீ எழுதியிருந்ததைப் படிச்ச, அவ்வளவுதான். நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு.”

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, அந்த மாதிரிக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் சுற்று ஃபார்மில் முத்திரை குத்தி ஓர் ஆளை ஐன் ஸம்மாருக்கு அனுப்பச் சொல்லுங்கள். மொத்தம் இரண்டே பக்கம். காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் பதினோரு மணிக்கு ஊர். வரிசைப்படி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்க வேண்டாம். அறுபத்துநாலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.