நிற்காத ஃபேன்

எலோய் தன் டிரக்கை வேண்டுமென்றே கெடுத்தான். கெடுத்தான் என்பதுகூடப் பெரிய வார்த்தை. தண்ணீரின் சூட்டை அளக்க இன்ஜினில் ஒரு சென்சார் இருக்கிறதே, அதன் பிளக்கை உருவி விட்டான். சூடு எவ்வளவு என்று தெரியாமல் போனால் டிரக்கின் கம்ப்யூட்டர், எதற்கு வம்பு என்று ரேடியேட்டர் ஃபேன் இரண்டையும் ஒரேயடியாகச் சுழல விட்டுவிடும். ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு பெர்னிஸின் வாசலில் போய் நிற்கலாம். அறுபதை நெருங்கும் மனுஷன் செய்கிற காரியமா இது!

பெர்னிஸ் அவன் மனைவியாக இருந்தவள். மெக்கானிக். அந்தப் பழைய டிரக்கில் பெல்ட்டோடு ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிக் கடாசிவிட்டு, காயலான் கடையில் கிடந்த ஏதோ ஒரு காரின் மின்சார ஃபேன்களை மாட்டினவள் அவள்தான். ஊரில் இப்படி மாற்றுகிறவர்கள் எல்லாரும் டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டு, சூடு காட்டும் முள் ஏறினால் தட்டிவிடுவார்கள். எலோயும் அதைத்தான் கேட்டான். அவள் சிரித்தாள்.

"சுவிட்சா? உனக்கா? வாயத் தொறக்க வேண்டிய நேரத்துலயே தொறக்க மாட்ட. மேட்டுல ஏறும்போது சுவிட்ச் தட்ட ஞாபகம் வருமாக்கும்! இன்ஜின அவிச்சு எடுத்துட்டு வந்து நிப்ப."

சுவிட்ச் இல்லாமல், கம்ப்யூட்டரே பார்த்துப் போட்டு அணைக்கிற மாதிரி வயரை இழுத்துக் கொடுத்தாள். அதற்குள் இருந்த புரோகிராமையும் மாற்றினாள். அதற்கப்புறம் எந்த மேட்டிலும் அந்த டிரக் கொதித்ததில்லை. கொதித்தது அவள்தான். ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இருந்துவிடு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்து நின்றாள். எலோய் மென்று முழுங்கி, கடைசியில் கேட்டது இதுதான்: "டயர்ல காத்து பாத்தியா?"

அவள் மலைமேல் மக்தலேனாவுக்குப் போய்விட்டாள். இவன் கீழே சொக்கோரோவிலேயே கிடந்தான், ரோடு போடும் வேலையும் தானுமாக. ஒரு மேடு ஏறினால் பார்த்துவிடுகிற தூரம். ஏறவில்லை. ஆனால் அவளை நினைக்காமல் ஒரு நாளும் அவன் அந்த டிரக்கின் சாவியைத் திருகியதில்லை.

அந்த வாரம் பெட்ரோல் பங்கில், கூட ரோடு போடும் லாலோ விஷயத்தைப் போட்டு உடைத்தான். "என்னப்பா, உன் ஆளு வீட்ட வித்துட்டாளாமே? சனிக்கிழம அவ்வளவு தூரம் ஓரிகனுக்கு, தங்கச்சிகிட்டயே போயிடுறாளாம். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அன்று முழுக்க எலோய்க்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினான். டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிய, முன்னால் ஃபேன்கள் இரண்டும் ஊளையிட, வழி நெடுக முன்கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினான். "போகாத, பெர்னிஸ்." கண்ணாடியிடம் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது! தென்மேற்கில் ஆகஸ்ட் மாதத்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் வராந்தாவில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். முடி நரைத்திருந்தது. அழகாக இருந்தாள்.

"திருப்பத்துலயே சத்தம் கேட்டுது," என்றாள். "என்ன, நிக்க மாட்டேங்குதா?"

"காலைலேருந்து."

"ஆஃப் பண்ணாத. ஓடட்டும். பானட்டத் தொற."

குனிந்து ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு ரிலேயைத் தொட்டுப் பார்த்தாள். ஃபியூஸைப் பார்த்தாள். எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போய் அதன் போல்ட்டை இறுக்கினாள். பட்டப்பகலில் இவன் கையில் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். நடுவில் உள்ளே போய் பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய ரொட்டி, புரிட்டோ ஒன்றை எடுத்துவந்து, பாதியைப் பிய்த்து இவனிடம் நீட்டினாள். கை போன போக்கைப் பார்த்து, பாவம், இவளுக்குத் தொழில் மறந்துபோச்சு போலிருக்கிறது என்றுகூட எலோய் நினைத்தான். மடையன்.

"ஓரிகன்ல எப்பவும் மழையாம்," என்றாள் அவள்.

"ம்."

"தங்கச்சி வீட்டுக்குப் பின்னால ஆறே ஓடுதாம்."

"ரோடு நல்லாருக்கும் அந்தப் பக்கம்," என்றான் எலோய். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

அவள் மறுபடி குனிந்தபோதுதான் பார்த்தான். உருவிய பிளக் அவள் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தது. முதல் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை நேரமாக இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எதற்காக என்பது எலோய்க்குப் புரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டு, பிளக்கைச் சொருகினாள். சாவியைத் திருகி அணைத்து, மறுபடி போட்டாள். இன்ஜின் ஓடியது. ஃபேன் சுழலவில்லை.

"சரியாயிடுச்சு. மழைக்கு முன்னாடி எறங்கிடு."

எலோய் நகரவில்லை.

"நான்தான் உருவினேன்," என்றான்.

"தெரியும். அந்தப் பிளக்குல பூட்டு இருக்கு. அமுக்காம வராது."

"போகாத, பெர்னிஸ்."

சொல்லிவிட்டான். அவள் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தாள். கறை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வீட்ட வித்தாச்சுய்யா. வாங்கினவங்க திங்கக்கிழம வராங்க. அங்க ஒரு பட்டறைல வேலையும் சொல்லி வச்சாச்சு. தங்கச்சி எனக்குன்னு ஒரு ரூம்புக்குப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கா."

"சரி."

"நான் போகத்தான் போறேன். அதுல மாத்தமில்ல."

"சரி."

அவள் எட்டி இன்ஜினை அணைத்தாள். மழை முதல் துளிகளைத் தகரக்கூரைமேல் போட்டது. அவள் பம்பரில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

"போகாத."

"பேரு சொல்லி."

சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இருவரும் நனைந்தார்கள். அவள் இன்னொரு தடவை கேட்டாள். அவன் இன்னொரு தடவை சொன்னான். அந்த வார்த்தையால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.