1.23க்கும் 1.24க்கும் நடுவில்

1

இந்தக் கதை ஒரு சொல்லில் பிறந்தது: இடைச்செருகல். பள்ளியில் தமிழாசிரியர் அதை வசவு போலச் சொல்வார். பழம்பாட்டுக்குள் எவனோ பின்னால் நுழைத்த வரி என்று பொருள். போன வாரம் ஜமுனாமரத்தூர் மாலை வகுப்பில் கணக்கு வாத்தியார் கோபால்சாமி அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதி, "இது ஒரு கணக்கு முறை" என்றார்.

2

முதல் தொடக்கம்: "மலைமேல் கருமேகங்கள்..." வேண்டாம். அன்று மேகமே இல்லை.

இரண்டாவது: எங்கள் மலையின் ஆடி மழையையே வாத்தியார் கணக்காகக் கொடுத்தார். சாமை விளையப் போதுமான மழை பெய்ய வாய்ப்பு எவ்வளவு? சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுத்ததில் எனக்கு 1.236 வந்தது. இயல்நிலை அட்டவணையில் 1.23க்கு நேராக 0.3907, 1.24க்கு நேராக 0.3925. என் எண் இல்லை. வித்தியாசம் 0.0018. என் எண்ணின் கடைசி இலக்கம் 6 என்பதால், அதில் பத்தில் ஆறு பங்கை முதல் எண்ணோடு கூட்டச் சொன்னார். 0.3918. அட்டவணை காட்டாத மறுபாதிக்கு 0.5 சேர்த்தால் 0.8918. நூற்றுக்கு எண்பத்தொன்பது.

யாரும் அச்சடிக்காத எண். இரண்டு வரிகளுக்கு நடுவிலிருந்த வெள்ளையில், நான் கூட்டுவதற்கு முன்பே அது இருந்திருக்கிறது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

3

ஜன்னலுக்கு வெளியே, தன் ஊரான நெல்லிவாசலுக்குப் போகும் ஜீப்புக்காகப் பாஞ்சாலை அக்கா காத்திருந்தார். மானாவாரிக் காடு வைத்திருப்பவர். (அவர் முகத்தை எனக்கு எழுத வரவில்லை. பேச்சை மட்டும் தருகிறேன்.)

"மழைன்னு காதுல வுழுந்துச்சு. இன்னா தம்பி சொல்லுது உன் கணக்கு?"

"நூத்துக்கு எம்பத்தொம்பதுங்க்கா."

"நூறு வூட்டுல எம்பத்தொம்பது வூட்டுக்குப் பெய்யுமா? அப்போ மீதி பதினோரு வூடு எது?" *

"அப்டி இல்லீங்க்கா. நூறு வருசத்துல..."

"நூறு வருசம் நீ இருந்து பாரு. எனக்கு இந்த ஆடிதான்." மடியிலிருந்த கூடையைத் தட்டினார். "விதைச்சாமை இவ்ளோதான். தூவிக் காஞ்சிட்டா அடுத்த வருசத்துக்கு ஒரு பிடி கெடையாது. தூவட்டா, வேணாமா?"

வாத்தியார் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

"தூவுங்க," என்றேன்.

"பெய்யலன்னா உன் வூட்டுக்குத்தான் கஞ்சி குடிக்க வருவேன்." சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

* இங்கே 'தவறான புரிதல்' என்று எழுதி அடித்துவிட்டேன். இந்த மலையில் ஒரு சரிவு நனையும்போது எதிர்ச்சரிவு காய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

4

முடிவு ஒன்று: கார்த்திகையில் சாமை மூட்டையோடு அக்கா வருகிறார். முடிவு இரண்டு: வெறுங்கையோடு, கஞ்சிக்கு. முடிவு மூன்று: இரண்டையும் கூட்டி அதில் பத்தில் ஆறு... சீ.

அக்கா தூவிவிட்டாராம். ஜீப் ஓட்டும் ராஜாக்கண்ணு இன்று சொன்னார்.

இருமுனையும் தெரிந்தால்தான் நடுவில் செருக முடியும். என்னிடம் ஒரு முனைதான் இருக்கிறது. இன்று ஆனி கடைசி. இதை எழுதும்போதே இங்கே தூறல் விழுகிறது. நெல்லிவாசல் பக்கம் வானம்...

நீங்கள் படிக்கும்போது ஆடி முடிந்திருக்கும். மறுமுனை உங்கள் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்துச் சொல்லுங்கள்: அந்தப் பதினோரு வீடு எது?