மாரித்தாய் நடித்த காட்சி

மூணாறுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் மாரித்தாய், ஒரே ஒரு நாள் வெள்ளைக்காரர்களின் சீரியலில் நடித்தாள். தாத்தா பார்த்ததைப் பேரனும் பார்க்கிற சீரியல் அது. இங்கிலாந்தில் முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கதையில், சண்டை போட்டுப் பிரிந்த புருஷனும் பெண்டாட்டியும் சமாதானமாகி மலை பார்க்க வருகிறார்கள். தோட்டத்துக்குள் வழி தவறிவிடுகிறார்கள். எதிரே வரும் கொழுந்துக்காரி புருஷனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, கையை நீட்டி வழி காட்ட வேண்டும். பேச்சு எதுவும் கிடையாது.

மாரித்தாய்க்கு நடிப்பாசை எல்லாம் இல்லை. மகள் இந்துவுக்காகத்தான் ஒப்புக்கொண்டாள். இந்து இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள்.

“அந்தம்மாவுக்கு அந்த நாடகத்துல வர்ற நாய் பேரு வரைக்கும் தெரியும்மா. என் பேரு மட்டும் வாயில வராது. ‘ஏ பொண்ணே’தான். நீ மூஞ்சி தெரிய வந்தேன்னா, இதுதான் எங்கம்மான்னு காட்டுவேன். அப்பவாச்சும் பேரக் கேக்கும்ல?”

அதை நம்பித்தான் மாரித்தாய் குளிரில் போய் நின்றாள்.

நடிகர் கோட்டும் தொப்பியுமாக நடந்து வந்தார். மாரித்தாய் பாதையை விட்டுச் செடிக்குள் இறங்கி, கையைக் கட்டி, தலை குனிந்து நின்றுவிட்டாள். மேனேஜர் வந்தால் அவள் நிற்பது அப்படித்தான். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் நின்றாள்.

படப்பிடிப்புக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஷைஜு ஓடி வந்தான். “சேச்சி, அது மேனேஜர் இல்ல, நடிகர்! மேல நின்னு முகத்த நோக்கணும்.”

“தெரியுதுய்யா. காலு கேக்க மாட்டேங்குதே.”

மறுபடி எடுத்தார்கள். மறுபடி இறங்கினாள். வெயில் ஏறியது, இடுப்பு விட்டுப்போனது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால்கூட இப்படி அலுக்காது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பாதையிலேயே நின்றாள், நிமிர்ந்து சிரித்தும்விட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். போதுமடா சாமி என்று வீட்டுக்கு வந்து படுத்தாள்.

சீரியலில் அந்தக் காட்சி வந்த மறுநாள் இந்து போன் செய்தாள்.

“பாத்தியா தாயி?” என்றாள் மாரித்தாய், எடுத்ததுமே.

“பாத்தேம்மா. நீ குனிஞ்சு நிக்கிறதத்தான் போட்டாங்க. மூஞ்சியே தெரியல.”

மாரித்தாய்க்கு வயிறு எரிந்தது. அத்தனை பாடுபட்டு நிமிர்ந்ததைத் தூக்கி எறிந்துவிட்டார்களே, பாவிகள்!

“ஆனா அந்தம்மா சட்டுனு என்னையத் திரும்பிப் பாத்துச்சு. ‘இவ உன்னைய மாதிரியே நிக்கிறாளே’ன்னு சிரிச்சுச்சு. அப்பத்தாம்மா நானே கவனிச்சேன். கட்டிலுக்கு ஓரமா கையக் கட்டிக்கிட்டு அப்படித்தான் நிக்கிறேன்.”

“எங்கம்மான்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

மாரித்தாய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “பேரக் கேட்டுச்சா?”



“டிவி சத்தத்தக் கூட்டச் சொல்லுச்சும்மா.”