கலக்காத டானிக்

பிள்ளை பெற்றவர்களுக்கு எங்கே போனாலும் ஒரே பாட்டுதான்: "சாப்பிடவே மாட்டேங்குது." இந்தப் பாட்டைக் காதில் வாங்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். பாகுக்காரனின் மச்சானுக்கு அந்தக் காது இருந்தது.

பாகுக்காரன் என்பது பட்டப்பெயர். மனைவியின் அண்ணன் நடத்திய பசி டானிக் கம்பெனியில் பாகு காய்ச்சுவது அவன் வேலை. பாகில் இஞ்சிச் சாறும் நெல்லிக்காய்ச் சாறும் சீரகத் தண்ணீரும் ஊற்றிக் கிண்டி, ஆறவிட்டு, பாட்டிலில் நிரப்பக் கொடுக்க வேண்டும். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பழைய கார் ஷெட், இரண்டு அண்டா, கேஸ் அடுப்பு, லேபிள் ஒட்ட நாலு பெண்கள், அவ்வளவுதான். லேபிளில் ஒரு கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதன் கீழே 'முற்றிலும் இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும்.

இஞ்சியும் நெல்லிக்காயும் ஒன்றும் கெட்ட சாமான் இல்லை. ஆனால் அவற்றால் வரும் பசி மெதுவாகத்தான் வரும், சில பிள்ளைகளுக்கு வராமலே போகும். அதுவரை பொறுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஒரே வாரத்தில் பிள்ளை தட்டை நீட்டி "இன்னும் போடு" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் மச்சான் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். அத்தனையும் வெள்ளை மாத்திரை. மூச்சு இரைப்புக்கும் அலர்ஜிக்கும் டாக்டர்கள் பயந்து பயந்து அளந்து எழுதிக்கொடுக்கிற ஸ்டீராய்டு. அதைப் பொடித்து அண்டாவில் தூவிக் கிண்டிவிட்டால் தீர்ந்தது வேலை. பிள்ளை அள்ளி அள்ளித் தின்னும், முகம் உப்பும், தாய்க்காரி பூரித்துப்போவாள். உள்ளே என்ன நடக்கிறது என்று எவன் பார்த்தான்?

பாகுக்காரனுக்கு ஆரம்பத்தில் உறுத்தத்தான் செய்தது. "மச்சான், இது தேவைதானா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

"சமையலுக்கு உப்பு மாதிரி மாப்ள இது. உப்பு போட்டிருக்கோம்னு யாராவது தட்டுல எழுதி வைக்கிறாங்களா?" என்றார் மச்சான்.

ஆகா, என்ன பதில்! ஆனால் அந்த உப்பை மச்சான் தன் பிள்ளைகளின் நாக்கில் ஒரு சொட்டு விட்டதில்லை. பாகுக்காரனும் சொந்தபந்தத்தில் யாருக்கும் ஒரு பாட்டில் கொடுத்ததில்லை. அதையே தன் நேர்மை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான், மகாபாவி.

அவனுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே தங்கை. துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் உட்கார்ந்து, வாங்கியவர்களின் அளவுக்கு உடுப்புகளைப் பிரித்துத் தைப்பாள். புருஷனுக்குத் தூரத்தில் வேலை. வீட்டில் மாமியார், ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குக் குச்சி என்று பெயர் வைத்ததே அந்த மாமியார்தான். ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, படம் பார்த்து, பொம்மையோடு பேசி, கடைசியில் துப்பிவிடும் ஜாதி அது. ஆனால் ஓட்டம் என்ன, துள்ளல் என்ன! மாமியாருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. "பிள்ளையப் பெத்தியா, சட்டை மாட்டுற கொக்கியப் பெத்தியா?" என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்பாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பாள்.

வேலை நெருக்கடியில் சில மாதம் பாகுக்காரனால் தங்கை வீட்டுப்பக்கம் எட்டிப்பார்க்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில் போனான். கதவைத் திறந்தது யாரென்று ஒரு நொடி தெரியவில்லை. வட்டமாக ஒரு முகம், கண்ணை மறைக்கும் கன்னம், கன்னத்தில் பூனைமுடி.

"மாமா!" என்றது அந்த முகம்.

"பாத்தியாண்ணா என் பந்தை?" என்று சிரித்தாள் தங்கை. "இப்ப யாரும் குச்சின்னு கூப்பிடறதில்ல. மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடறா. மாமியாரே வாயடைச்சுப் போயிட்டாங்க."

அலமாரியில் அவனுடைய பாட்டில் நின்றது. பச்சை எழுத்து, கொழுகொழு குழந்தை. பாகுக்காரன் அதைக் கையில் எடுத்தான்.

"இதை யார் வாங்கினது?"

"நான்தான். நீயா குடுப்பேன்னு எத்தனை நாள் பாத்தேன். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் காய்ச்சி ஊத்தற, சொந்த மருமகளுக்கு ஒரு பாட்டில் குடுக்க மனசு வரல இல்ல? சரி போ, கேட்டு வாங்குறது கேவலம்னு கடையில வாங்கிட்டேன். எங்கண்ணன் கையால செஞ்சதுன்னு கடைக்காரர்கிட்டகூடச் சொன்னேன்."

குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தையல்காரி இல்லையா, அவள் பிள்ளையை அளப்பதே தையலில்தான். "பக்கத்துத் தையல ரெண்டு தடவை பிரிச்சு விட்டுட்டேன். ஒரு வேடிக்கை பாரு, கீழ் மடிப்பை மட்டும் பிரிக்கவே வேண்டி வரல. அகலம்தான் போகுது, உயரம் அப்படியே நிக்குது."

அவளுக்கு அது வேடிக்கை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றான் பாகுக்காரன். மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் பிள்ளை வளர்த்தி நின்றுபோகும் என்று பொட்டலத்தோடு வந்த சீட்டிலேயே அவன் படித்திருந்தான்.

"போதும்மா, நிறுத்திடு. இனிப்பு ஜாஸ்தி. பல்லு கெட்டுடும்," என்றான்.

"பல்லு போனா முளைக்கும். பசி போனா வருமா? அதுல வேற என்ன இருக்கு, எல்லாம் இயற்கைதானே?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள், வீட்டில் தங்கையும் குழந்தையும் மட்டும்தான். அதிகம் போனால் நாலு அடி அடித்திருப்பாள், வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தான், மச்சானை நினைத்தான், வாயை மூடிக்கொண்டான்.

"கடையில வாங்காத. இனிமே நானே கொண்டாந்து தரேன்," என்றான் கடைசியில்.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பவாச்சும் தோணுச்சே," என்றாள்.

மறுநாள் மச்சான் சரக்கு போடப் போயிருந்த சமயம், ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாகப் பாகு காய்ச்சினான். இஞ்சி, நெல்லிக்காய், சீரகம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றினான். அந்த ஷெட்டில் அவன் கையால் காய்ச்சிய முதல் யோக்கியமான டானிக் அது. லேபிள் ஒட்டித் தங்கையிடம் கொடுத்தபோது பாவத்தை ஆற்றில் விட்டது போல் இருந்தது. கடையில் வாங்கிய பாட்டிலை வாங்கி வந்து சாக்கடையில் கொட்டினான்.

முட்டாள்! அந்தச் சீட்டின் ஒரு பக்கத்தைத்தான் அவன் படித்திருந்தான். உடம்பு தனக்கு வேண்டிய அந்தச் சத்தைத் தானே சுரந்துகொள்ளும். வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஊற்றினால், நமக்கென்ன வேலை என்று உள்ளே சுரப்பது தூங்கிப்போகும். அப்புறம் திடீரென்று நிறுத்தினால் வெளியிலும் இருக்காது, உள்ளேயும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அவன் புரட்டவில்லை.

சில நாளில் தங்கை போன் செய்தாள். "பசிக்கலைங்கறாண்ணா. சோர்ந்து சோர்ந்து படுத்துக்கறா."

பழைய குச்சி திரும்புகிறாள் என்று பாகுக்காரன் சந்தோஷப்பட்டான். "சரியாயிடும்மா. நான் குடுத்தத மட்டும் குடு."

அவள் பயத்தில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாக அதையே கொடுத்தாள். அதற்கப்புறம் குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. யாருக்குத்தான் வராது? காய்ச்சலைத் தாங்க அந்த உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டுவிட்டது.

பாகுக்காரன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது குழந்தையின் கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் தங்கை நின்றாள். டாக்டரம்மா குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சர்க்கரை இறங்கிப்போச்சு, பிரஷர் நிக்கவே மாட்டேங்குது. இந்த முகத்தைப் பாத்தா எனக்கு ஒரு சந்தேகம். ஸ்டீராய்டு ஏதாவது குடுத்தீங்களா? மாத்திரை, சிரப், எதாவது?"

"நாங்க கெமிக்கல் மருந்தே தொடமாட்டோம் டாக்டர். எல்லாம் இயற்கைதான்," என்றாள் தங்கை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப சமீபத்துல நிறுத்தினீங்களா?"

"என் பிள்ளை மேல சத்தியமா இல்ல டாக்டர்! வேற எதுவும் குடுக்கல, இந்த டானிக் மட்டும்தான். எங்கண்ணனே காய்ச்சினது. இதோ நிக்கறாரே, அவரையே கேளுங்க."

பாட்டிலை நீட்டினாள். டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார், பாகுக்காரனைப் பார்த்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தான்.

"கேள்விப்பட்டேன் மாப்ள," என்றார் மச்சான். "டாக்டருங்க இருக்காங்க, அவங்க பாத்துப்பாங்க. நீ வாயைத் திறந்து வச்சிடாத. உன் பொண்டாட்டி, என் பொண்டாட்டி, லேபிள் ஒட்டுற பொண்ணுங்க, எல்லாரும் நடுத்தெருதான். பிள்ளை பொழைச்சுக்கும்யா."

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றான். உள்ளே தங்கை மறுபடி சத்தியம் செய்வது காதில் விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். எவ்வளவு நேரம் என்று பின்னால் பலமுறை யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. நர்ஸ் ஒருத்தி ஓடினாள். "பல்ஸ் இறங்குது டாக்டர்," என்று ஒரு குரல் கேட்டது. அதன்பிறகுதான் கால் நகர்ந்தது.

"ஸ்டீராய்டு இருந்துச்சு டாக்டர். பழைய பாட்டில்ல. நான்தான் கலந்தேன். இந்தப் பாட்டில்ல இல்ல, நிறுத்திட்டேன்."

டாக்டரம்மா அவனைத் திட்டக்கூட நேரம் செலவழிக்கவில்லை. நர்ஸிடம் ஊசியின் பெயரைச் சொன்னார், ஊசி ஏறியது. சாயங்காலத்துக்குள் குழந்தையின் கையில் சூடு திரும்பிவிட்டது. அதே மருந்தை இனிமேல் அளந்து கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். கம்பெனியைப் பற்றித் தகவல் கொடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். மச்சானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, பாகுக்காரன் எடுக்கவில்லை.

தங்கை அழவில்லை, சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்தம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றாள், குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டபடி. "நான் பிள்ளை மேல சத்தியம் பண்ணிட்டே இருந்தேன். நீ கேட்டுட்டு நின்ன."

"சொல்லிட்டேனேம்மா..."

"வெளிய போய்ப் பேசிட்டு வந்து சொன்ன."

பாகுக்காரன் பையிலிருந்த போனை எடுத்து அணைத்தான்.

குழந்தை கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா," என்றது. நர்ஸிடம் கேட்டதற்கு வாழைப்பழம் கொடுக்கலாம் என்றாள். விட்டால் போதும் என்று பாகுக்காரன் படியில் ஓடினான். வாசலில் தள்ளுவண்டிக்காரனிடம் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வந்து, பாதி உரித்துக் குழந்தையிடம் நீட்டினான். குழந்தையும் வாயைத் திறந்தது.

தங்கை எழுந்து, பழத்தை அவன் கையிலிருந்து வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"வாசல்ல வாங்கினதும்மா. பழத்துல என்னத்தக் கலக்க முடியும்?" என்றான்.

அவள் பர்ஸை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போனாள். "சிஸ்டர், கீழ போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இந்த ஆள் என் பிள்ளைக்கு எதையும் குடுக்காம பாத்துக்குங்க," என்றாள்.

பாகுக்காரன் கட்டிலிலிருந்து தள்ளிப்போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான். கீழே தங்கை அதே தள்ளுவண்டி முன்னால் நிற்பது தெரிந்தது. அவள் இதற்குமுன் கண்ணால் கண்டிராத அந்த வண்டிக்காரன், அதே சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தான். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.