முப்பத்தைந்து வாட்

...ஒரு படிதான், ஒரே ஒரு படி, அதை ஏற்றாமல் விட்டிருந்தால் இந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம், ஆனால் ராம்பிரசாதின் விரல் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறது, கம்ப்யூட்டரின் வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டி என்டரைத் தட்டினான், பட்டென்று ஒரு சத்தம், திரை கறுத்தது, கருவாடு கருகியது போல ஒரு நாற்றம், பிளாக்ஹவுஸ் பே ஏரியா முழுக்கக் கேட்கும்படி கூரையிலிருந்து புகை அலாரம் அலற, அலுவலகத்தில் பதினைந்து பேரை மேய்க்கிற மனிதன் லுங்கியோடு துண்டை விசிறிக்கொண்டு அதன் கீழே குதித்தான். இப்போது மவுண்ட் ஆல்பர்ட்டில், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் தவராசாவின் கராஜில், பிளாஸ்டிக் ஸ்டூலில், பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்தவன் மாதிரி. தகரக் கூரையில் மழை. சின்னப் பெட்டிதான் அது, கரண்ட் பில் ஏறக்கூடாது, சத்தம் கூடாது என்று மனைவி லக்ஷ்மிப்ரியா கேட்டு வாங்கியது, முப்பத்தைந்து வாட்டில் பசு மாதிரி அசைந்து நடக்கவே செய்த பிராசசர், இவன்தான் அதன் முதுகில் ஏறிக் குதிரைப் பந்தயம் விட்டான்... புக்கெகோஹி வெங்காய வயல்களின் மண்ணைத் தோண்டி மூன்று வருடம் அவள் ஆராய்ச்சிக்குச் சேர்த்த எண்கள், ஒவ்வொரு கணக்கும் ஓடி முடிய ஒன்பது மணி நேரம், இவன் அதை ஆறாக்கினான், அவள் கேசரி கிண்டிக் கொடுத்தாள், அதையும் இரண்டு தடவை வாங்கித் தின்றான். வேகத்தைக் கூட்டினால் ராத்திரி முழுக்க சோதனை ஓட்டிப் பார்க்க வேண்டும், அது இவனுக்குத் தெரியாதா, தெரியும், இருபது நிமிடத்தில் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது, சோதனையை நிறுத்திவிட்டுப் பாஸ் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

போர்டு போச்சா அண்ணே என்றால், "பாப்பம்." டேட்டாவாவது இருக்குமா என்றால், "டிஸ்க்கில கிடக்கும் எண்டுதான் நினைக்கிறன், பாப்பம்." வெளியே மழையா என்று கேட்டாலும் இந்த மனிதர் பாப்பம் என்பார். திடீரென்று தலை நிமிராமலே கேட்டார், "தம்பி, ஸ்பீடைக் கூட்டிப்போட்டு வோல்டேஜைக் குறைச்சு வச்சிருந்தனீரோ?"

"சூடாகக் கூடாதுன்னுதான் அண்ணே..."

"எத்தின நாளா?"

"அஞ்சு வாரம்."

போர்டை அளந்துகொண்டிருந்த மீட்டரைக் கீழே வைத்தார். "அந்த ஸ்பீடுக்கு வோல்டேஜ் காணாட்டி, எரியிறதுக்கு முதலே கணக்குப் பிழைச்சிருக்கலாம். அது ஒண்டும் சொல்லாது, ஐசே. பிழையான விடையைச் சரியெண்டு தந்துகொண்டே இருக்கும்."

...ஏழாவது வயல். ராம், ஒரே டேட்டாவுக்கு ரெண்டு விடை வருதுப்பா, மெஷின்ல ஏதாவது கோளாறான்னு பாரேன் என்று வந்து நின்றாளே, இவன் சிரித்தான், மெஷின் தப்பு பண்ணாது தாயே, நீ டைப் அடிச்சதுல இருக்கும் என்றான். என்ன ஒரு சிரிப்பு அது. அவள் கொட்டுகிற மழையில் காரை எடுத்துக்கொண்டு போய் அந்த வயலை மறுபடி தோண்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதானே, ஆமாம், அதற்குப் பிறகுதான், காரில் ஏறியவள் இறங்கிப் போய்ப் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பது, அடுப்பை அணைத்தேனா, குழம்பில் உப்புப் போட்டேனா என்று இரண்டு முறை கேட்பது, இவன் அதையும் நண்பர்களிடம் நடித்துக்காட்டிச் சிரிக்க வைத்தான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, அவளுடைய மெசேஜ்தான், "சரியாச்சா? புதன்கிழமை தீசிஸ் குடுக்கணும். ஏழாவது வயல் என்னோட பிழைன்னே எழுதிட்டேன், விடு."

விடு. எல்லாவற்றையும் பழைய வேகத்தில் மறுபடி ஓட்ட ஏழு வாரம், புதனுக்கு நாலு நாள், சொன்னால் அவளுடைய மூன்று வருடம் இன்னும் இழுபடும், பிறகு அந்த வீட்டில் இவன் எந்த முகத்தோடு கேசரி தின்பான், சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் அவள் கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதானே, அவ்வளவுதானா? மேசையில் போர்டின் கருகிய மூலை. "அண்ணே, நான் வாயைத் திறக்கலைன்னா இது யாருக்காவது தெரியவருமா?" என்று கேட்டது தன் குரல்தானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது, ஆமாம் தெரிந்துவிடும், எப்படியும் பிடித்துவிடுவார்கள் என்று இவர் சொல்லிவிடமாட்டாரா என்று தான் ஏங்குவது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தவராசா கண்ணாடியைக் கழற்றி அவனை நேராகப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. ஒருத்தருக்கும் தெரியவராது."